கணக்கில் இடிக்கும் ஆறாயிரம்

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். மூக்காயி சொல்லைக் கொட்டி இன்றோடு மூன்று நாள் ஆகிறது.

யார் மேல் கொட்டினாள்? சொந்த மாப்பிள்ளை மேல். அதுவும் திண்டுக்கல் நாகல் நகரில் தன் வீட்டு வாசலில் நின்று, எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டவர்கள் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்கும் அளவுக்கு. "உள்ளதைச் சொல்லுங்க மாப்ள, இதுல நீங்க எம்புட்டு எடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டாள். மாப்பிள்ளை சிவபிரகாஷ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனதும், அன்றிலிருந்து மகள் பவித்ரா போனை எடுக்காததும் அதற்குப் பிந்தைய கதை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு தபால்.

மூக்காயியின் கணவர் தங்கமுத்து அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து நாலு வருஷம் முன்பு ஓய்வு பெற்றவர். கைக்கு வந்ததில் பத்து லட்சத்தை ஒரு பென்ஷன் பாலிசியில் போட்டார். இன்சூரன்ஸ் ஏஜெண்டான மாப்பிள்ளைதான் எழுதிக் கொடுத்தான். அடுத்த வருஷம் தங்கமுத்துவுக்கு அறுபத்தைந்து முடிந்ததும் மாதம் ஐயாயிரம் வர ஆரம்பிக்கும். அவருக்குப் பிறகு அது மூக்காயிக்கு வரும். இப்படித்தான் அவள் நாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

வருஷா வருஷம் வரும் கணக்குத் தபால் நேராகத் தங்கமுத்து கைக்குப் போய்விடும். இந்த வருஷம் அவர் டீ குடிக்கப் போயிருந்த நேரம் பார்த்துத் தபால்காரர் வந்தார். பிரித்துப் பார்த்தால் போட்ட பத்து லட்சம் ஒன்பது லட்சத்து நாற்பதாயிரமாக இளைத்துக் கிடந்தது. அதற்குக் கீழே ஒரு வரி. ரைடர் கட்டணம், இருபத்தோராயிரம் ரூபாய்.

மூக்காயி படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் எடை எழுதியவள். விடிவதற்குள் நூறு விவசாயிக்குக் கமிஷன் போட்டு, காசு எண்ணிக் கொடுத்து, ஒருவரிடமும் ஒரு சொல் வாங்காமல் வீட்டுக்கு வந்தவள். சதவீதக் கணக்கில் அவளிடம் வாலாட்ட முடியாது.

தபாலின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்தாள். இரண்டு ரைடர். ஆயுள் முழுக்கப் பென்ஷன் நிற்காமல் வருவதற்கு ஒன்று, ஒரு சதவீதம். கணவருக்குப் பிறகு இன்னொருவருக்கும் அது தொடர்வதற்கு ஒன்று, கால் சதவீதம் முதல். ஒன்பது லட்சத்து நாற்பதாயிரத்துக்கு இரண்டும் சேர்ந்து பதினோராயிரத்து எழுநூற்றைம்பதுதான் வருகிறது. எடுத்திருப்பதோ இருபத்தோராயிரம். மிச்சம் எங்கே போனது?

எடுக்கக்கூடிய தூரத்தில் இருந்த ஆள் மாப்பிள்ளை ஒருத்தன்தான். கொட்டிவிட்டாள்.

தபாலில் இன்னொன்றும் போட்டிருந்தது. வேண்டாத ரைடரை வருஷத்தில் ஒரு தடவைதான் விடலாம். பாலிசி தொடங்கிய தேதி வருஷா வருஷம் வந்ததிலிருந்து முப்பது நாளுக்குள். அந்த முப்பதாவது நாள் இன்று. இன்சூரன்ஸ் ஆபீஸ் நாலு மணி வரைக்கும்.

"இன்னைக்கைத் தவற விட்டா இன்னும் ஒரு வருஷம். இன்னொரு இருபத்தோராயிரம். உள்ள இருக்கிறது கரைஞ்சு காத்தாப் போகும்" என்று விடியற்காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள் மூக்காயி. தாங்க முடியாமல் தங்கமுத்துவே மகளுக்குப் போன் போட்டு இருவரையும் வரச் சொன்னார்.

ஒன்பது மணிக்கு வந்தார்கள். பவித்ரா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அப்பா, வந்துட்டோம்" என்றாள். அம்மா ஒருத்தி அங்கே நிற்பதாகவே அவள் காட்டிக்கொள்ளவில்லை.

"வாங்க மாப்ள. இட்லி இருக்கு" என்றாள் மூக்காயி. மன்னிப்புக் கேட்பதற்கு அவளுக்குத் தெரிந்த வழி அது.

"சாப்ட்டோம் அத்தை." சிவபிரகாஷ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். "ரைடர்ன்னா என்னன்னா..."

"அது தெரியும். சோறு ஒரு வெலை, வெஞ்சனம் தனி வெலை. வெஞ்சனம் வேணும்னா வாங்கலாம், வேணாம்னா விடலாம். எதை வச்சு அந்த வெலையைப் போட்டாங்க? அதைச் சொல்லுங்க."

அவன் பழைய காலண்டர் தாளைத் திருப்பி இரண்டு கோடு கிழித்தான். "உங்க பணம் ரெண்டா ஓடுது அத்தை. கீழ இருக்கிற கோடு நெசமாவே உள்ள இருக்கிற பணம். மார்க்கெட் ஏறுனா ஏறும், எறங்குனா எறங்கும். இப்ப ஒம்பது லட்சத்து நாப்பதாயிரம். மேல இருக்கிறது உத்தரவாதத் தொகை. அது எறங்கவே எறங்காது. பத்து லட்சத்துக்கு வருஷம் அம்பதாயிரம் ஏறிக்கிட்டே வரும். நாலு வருஷத்துக்கு ரெண்டு லட்சம். ஆக, பன்னெண்டு லட்சம்."

"அப்படின்னா நமக்குப் பன்னெண்டு லட்சம் இருக்கு."

"இருக்கு. ஆனா எடுக்க முடியாது."

"எடுக்க முடியாதது என்னய்யா பணம்?"

"பென்ஷனைக் கணக்குப் போடுறதுக்கு மட்டும் உள்ளது அத்தை. பன்னெண்டு லட்சத்துக்கு வருஷம் அஞ்சு சதவீதம்னா அறுபதாயிரம். மாசம் அஞ்சாயிரம். கீழ உள்ள நெசப் பணம் காலியாப் போனாலும் அந்த அஞ்சாயிரம் நிக்காது. அந்த உத்தரவாதத்துக்குத்தான் ரைடர் கட்டணம். அதனால கட்டணத்தையும் பன்னெண்டு லட்சத்துக்குத்தான் போடுவாங்க."

"எதுலருந்து எடுப்பாங்க?"

சிவபிரகாஷ் பேனா நுனியைக் கீழ்க்கோட்டில் வைத்தான். "ஒம்பது நாப்பதுலருந்து."

மூக்காயி இரண்டு கோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். மேலே இருப்பதற்குக் கட்டணம், கீழே இருப்பதிலிருந்து கழிவு. கீழே இருப்பது குறையக் குறைய மேலே உள்ளது ஏறுகிறது, கட்டணமும் கூடவே ஏறுகிறது. அவளுக்குத் தலை சுற்றியது.

"மல்லிகை கிலோ எண்ணூறுக்குப் போகும்னு நெனச்சு வாரான் வெவசாயி. ஐநூறுக்குத்தான் போகுது. கமிஷன் ஐநூறுக்குத்தானே புடிப்போம்? எண்ணூறுக்குப் புடிச்சா தராசைத் தூக்கி மண்டையில போட்டுருவான்ல?"

மூலையில் பேப்பர் படிப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்த தங்கமுத்து வாயைத் திறந்தார். "ஏ புள்ள, பஸ்ல ரெண்டு ஸ்டேஜுக்கு நடுவுல எறங்குறவன் இருக்கான்ல. எறங்குன எடம் வரைக்குமா டிக்கெட் கிழிச்சேன்? அடுத்த ஸ்டேஜ் வரைக்கும்தானே கிழிச்சேன்? அது மாதிரிதான்."

"உங்க பஸ்ஸு முன்னாடியாவது போச்சு. இது பின்னாடியில்ல போகுது!"

பவித்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே கோபம் ஞாபகம் வந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மூக்காயி அதற்குள் மனக்கணக்கில் இறங்கியிருந்தாள். பன்னிரண்டு லட்சத்துக்கு ஒரு சதவீதம் பன்னிரண்டாயிரம். கால் சதவீதம் மூவாயிரம். "சரி, உங்க கணக்குப்படியே வாரேன். பதினஞ்சாயிரம் ஆச்சு. இன்னும் ஆறாயிரம் இடிக்குதே மாப்ள?"

சிவபிரகாஷ் பேனாவை மூடினான். மாமனாரைப் பார்த்தான். மாமனார் பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்தினார்.

"அதுவும் கம்பெனி விதிப்படிதான் அத்தை."

"என்ன விதி?"

"நான் எடுக்கலை. அதை மட்டும் சொல்வேன்."

"அந்த விதி என்னன்னு சொல்லித் தொலைங்களேன்!" பவித்ரா வெடித்தாள். "தெருவே கேக்கத் திருடன்னு சொல்லியிருக்காங்க. மூணு நாளாத் தூங்காம புரள்றீங்க. எங்கிட்டயும் சொல்ல மாட்டேங்கிறீங்க. யாருக்காக வாயைக் கட்டிக்கிட்டு இருக்கீங்க?"

"விடு பவி" என்றான் சிவபிரகாஷ். அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் மூக்காயியை இன்னும் குழப்பியது. தப்புச் செய்தவன் எகிறுவான், இல்லாவிட்டால் குழைவான். இவன் இரண்டும் செய்யவில்லை.

தங்கமுத்து எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. ரைடரை விடுவதற்கான விண்ணப்பம் ஒன்றும், மனைவி வந்து விசாரித்துக்கொள்ளலாம் என்று எழுதிய கடிதம் ஒன்றுமாக வந்தார். இரண்டிலும் அவர் கையெழுத்து இருந்தது. இதையெல்லாம் எப்போது எழுதி வைத்தார் மனுஷன்?

"எனக்கப்புறமும் பென்ஷன் தொடர்றதுக்கு உள்ள கூட்டு ஆயுள் ரைடரை விடுறதுக்கான ஃபாரம். நான் போட்டுட்டேன். நீயே ஆபீஸுக்குப் போயி ஆறாயிரத்துக்குக் கணக்குக் கேளு. கேட்ட பெறகும் வேணாம்னு தோணுச்சுன்னா மிச்சக் கையெழுத்தை வாங்கிக் குடுத்துட்டு வா."

"மிச்சக் கையெழுத்து என்ன, நாந்தானே போடணும்?"

தங்கமுத்து சட்டைப் பையிலிருந்து ஆட்டோவுக்கு நூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தார்.

ஆபீஸில் டோக்கன் வாங்கி உட்கார்ந்து, அவள் முறை வரும்போது பதினொன்றரை. கவுண்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் கமர்ஜஹான் என்று பெயர்ப் பட்டை இருந்தது. முப்பது வயசு இருக்கும். பொறுமையான முகம்.

மூக்காயி கடிதத்தைக் கொடுத்து, காலண்டர் தாளைப் பரப்பி, பதினைந்தாயிரம் வரைக்கும் தான் வந்த வழியை ஒப்பித்தாள். "மிச்சம் ஆறாயிரம் எங்க தாயி போச்சு?"

"கரெக்டா வந்திருக்கீங்கம்மா" என்று கமர்ஜஹான் வியந்தாள். "ஒரே ஒரு எடத்துலதான் விட்டுட்டீங்க. கூட்டு ஆயுள் ரைடருக்கு எல்லாருக்கும் கால் சதவீதம் கெடையாது. ரெண்டு பேர்ல எளையவங்க வயசை வச்சுத்தான் போடுவாங்க. அம்பத்தஞ்சுக்கு மேலன்னா கால். நாப்பத்தஞ்சுலருந்து அம்பத்தஞ்சுக்குள்ளன்னா அரை. அதுக்கும் கீழன்னா முக்கால்."

"வயசு எதுக்கு?"

"எளையவங்கன்னா ரொம்ப வருஷம் இருப்பாங்கல்லம்மா? கம்பெனி அம்புட்டு வருஷமும் பென்ஷன் குடுக்கணுமே."

மூக்காயி கணக்குப் போட்டாள். பன்னிரண்டு லட்சத்துக்கு முக்கால் சதவீதம் ஒன்பதாயிரம். முதல் ரைடர் பன்னிரண்டாயிரம். இருபத்தோராயிரம்! ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மூன்று நாளாக இடித்துக்கொண்டிருந்த கணக்கு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

அவளுக்கு உயிர் வந்தது. மாப்பிள்ளை எடுக்கவில்லை. தானும் தப்பாகப் போடவில்லை. "வயசைத் தப்பா ஏத்திட்டீங்க தாயி! எனக்கு அறுபது. என்னையப் பாத்தா நாப்பத்தஞ்சுக்குக் கீழ மாதிரியா இருக்கு? இந்தா ஆதாரு." சிரித்துக்கொண்டே நீட்டினாள்.

கமர்ஜஹான் ஆதாரைப் பார்த்தாள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள். மறுபடி ஆதாரைப் பார்த்தாள்.

"உங்க பேரு மூக்காயியா?"

"ஆமா."

"நீங்க நாமினிம்மா. ரெண்டாவது ஆயுள்தாரர் வேற ஆளு." கொஞ்சம் தயங்கிவிட்டு, கடிதத்தில் தங்கமுத்து 'எல்லா விவரமும் சொல்லலாம்' என்று எழுதியிருந்ததை மறுபடி படித்துவிட்டு, திரையை இவள் பக்கம் திருப்பினாள். "மலர்விழி. வயசு முப்பத்தி நாலு. உறவு, மருமகள்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்று சும்மா சொல்வார்கள். கிளம்பின பூதத்தைக் கண்ணெதிரே திரையில் பார்ப்பது வேறு.

மருமகள். அந்த வார்த்தையை மூக்காயி வீட்டில் ஐந்து வருஷமாக யாரும் சொன்னதில்லை. சொல்ல விட்டதில்லை. மகன் கண்ணன் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோதே அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஒன்றே கால் வருஷத்தில், கொரோனா இரண்டாவது அலையில், கண்ணன் போய்விட்டான். பதினாறாம் நாள் முடிவதற்குள், "எம்மகனை முழுங்குனவ இனி இந்த வாசல்ல நிக்கக் கூடாது" என்று மலர்விழியைப் பார்த்துச் சொன்னாள். அந்தப் பெண் ஒரு பையை எடுத்துக்கொண்டு போனாள். தங்கமுத்து அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் போய், சத்தமில்லாமல், இந்தக் காரியத்தைச் செய்திருக்கிறார்.

மாப்பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது. மாமனாருக்குக் கொடுத்த வாக்குக்காகத் திருடன் பட்டத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். 'யாருக்காக' என்று காலையில் பவித்ரா கேட்டாளே, இதற்காகத்தான்.

"அம்மா, தண்ணி குடிக்கிறீங்களா?" கமர்ஜஹான் கேட்டது தூரத்தில் கேட்டது.

"இதை விட்டா என்ன ஆகும்? விடாட்டி என்ன ஆகும்? அதை மட்டும் சொல்லு தாயி."

"விட்டுட்டா வருஷம் ஒம்பதாயிரம் மிச்சம். உங்க வீட்டுக்காரருக்கப்புறம் பென்ஷன் நின்னுரும். உள்ள மிச்சம் இருக்கிற பணம் நாமினி உங்களுக்கு வரும். விடலைன்னா அவருக்கப்புறம் மாசம் அஞ்சாயிரம் அந்த மலர்விழிக்கு, ஆயுசுக்கும். விட்டபெறகு திரும்பச் சேக்க முடியாது. விடுறதா இருந்தா அவங்களும் கையெழுத்துப் போடணும். நாலு மணிக்குள்ள."

மலர்விழி இருக்கும் கன்னிவாடிப் பக்கம் போக ஒன்றரை மணி பஸ்தான் கிடைத்தது. பெண்களுக்குக் கட்டணம் இல்லாத டவுன் பஸ். கண்டக்டர் காசு வாங்காமல் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். ஜன்னலோரம் உட்கார்ந்து மூக்காயி போனை எடுத்தாள்.

முதல் மணியிலேயே எடுத்தார் தங்கமுத்து. "தெரிஞ்சிருச்சா?"

"தெரிஞ்சிருச்சு."

பஸ் நகர ஆரம்பித்தது.

"நான் உங்களுக்கு யாருங்க?" என்றாள் மூக்காயி. பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள். "நாப்பது வருஷம் பொங்கிப் போட்டேனே, நான் யாரு?"

"எனக்கப்புறம் ஒனக்கு என் டிப்போ பென்ஷன்ல குடும்பப் பென்ஷன் வரும் புள்ள. வீடு ஓம்பேர்ல இருக்கு. பவித்ரா இருக்கா. அந்தப் புள்ளைக்கு யாரு இருக்கா, சொல்லு? அப்பனும் இல்லை, ஆத்தாளும் இல்லை. நம்ம வீட்டுக்கு வந்ததுக்கு ஒரு பையோட போனா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரியும். போனை அணைத்துவிட்டாள்.

கோபப்படுவதா, அழுவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கணவர் சொன்னது கணக்காகச் சரி. கணக்குச் சரியாக இருந்தால் மனசும் சரியாகிவிட வேண்டும் அல்லவா? இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் ஆனது. பற்றும் வரவும் நேரானால் எழுந்து வீட்டுக்குப் போகலாம். இன்றைக்குக் கணக்கு நேரான இடத்தில்தான் எல்லாம் கோணலாகிப் போனது. ஒன்று மட்டும் தீர்மானமாகச் சொல்லிக்கொண்டாள். கையெழுத்தை வாங்கிவிடுவது. பிறகு என்ன நினைப்பது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கன்னிவாடிக்கு முன்பே ரோட்டோரம் ஒரு நாற்றுப்பண்ணை இருக்கிறது. மலர்விழி அங்கே வேலை பார்க்கிறாள் என்பது பூக்காரர்கள் வாய்வழியே மூக்காயிக்கு எப்போதோ தெரியும். பச்சை வலைக்கு அடியில் குழித்தட்டுகள் வரிசை வரிசையாக இருந்தன. தக்காளி நாற்றுகள் இரண்டு இலை விட்டிருந்தன. ஒரு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற பெண் திரும்பினாள். ஆள் மெலிந்திருந்தாள். நெற்றிக்கு மேல் ஒன்றிரண்டு நரை.

"அத்தை?" தட்டைக் கீழே வைக்கக்கூட இல்லை. "மாமாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

ஐந்து வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை அது.

"நல்லா இருக்காரு. ஒரு கையெழுத்துக்கு வந்தேன்."

மலர்விழி பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். மூக்காயி உத்தரவாதத் தொகையில் ஆரம்பித்து, ரைடரில் சிக்கி, வயசில் தடுமாறி, எப்படியோ சொல்லி முடித்தாள். சொல்லச் சொல்ல தான் கேட்பது என்ன என்பது தன் காதிலேயே விழுந்தது. மாதம் ஐயாயிரம், ஆயுசுக்கும். அது வேண்டாம் என்று எழுதிக் கொடு.

"எனக்கு இது தெரியவே தெரியாது அத்தை. நாலு வருஷம் முன்னாடி மாமா வந்து ஆதார் ஜெராக்ஸ் கேட்டாங்க. ரெண்டு எடத்துல கையெழுத்துக் கேட்டாங்க. போட்டேன். மாமா கேட்டா எதுக்குன்னா கேப்பேன்?" கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "எங்க போடணும்?"

"படிச்சுப் பாரு."

"நீங்க சொன்னீங்கள்ல."

போட்டுவிட்டாள். அவ்வளவுதான். சண்டைக்குத் தயாராக வந்தவளுக்குக் கை ஓங்க ஆள் இல்லை. மூக்காயிக்கு வெட்கமாக இருந்தது. மாப்பிள்ளையிடம் வராத வெட்கமும் சேர்ந்து இங்கே வந்தது.

மலர்விழியின் பேனா கையெழுத்துக்குக் கீழே ஒரு கட்டத்தில் நின்றது. "அத்தை, இங்க 'பாலிசிதாரருக்கு உறவு'ன்னு ஒண்ணு இருக்கு."

"அதையும் எழுதிரு."

"அதுலதான் ஒரு சிக்கல்." அவள் தலையை நிமிர்த்தவில்லை. "எங்க சர்ச்ல மூணு ஞாயிறு கல்யாண ஓலை வாசிச்சு அறிவிக்கணும், போன ஞாயித்துக்கெழமை எனக்கு ரெண்டாவது வாசிச்சுட்டாங்க. இந்த ஞாயிறு மூணாவது. அடுத்த வாரம் கல்யாணம். மாமாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இன்னும் சொல்லலை. அதுக்கப்புறம் நான் உங்களுக்கு என்ன வேணும்? இதுல என்ன எழுதட்டும் அத்தை?"

மூக்காயி அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்தாள்.

சந்தோஷப்பட வேண்டிய செய்திதானே? ரைடரை வெட்ட வந்தாள். உறவே தானாக அறுந்துகொள்கிறது. பிறகு ஏன் சந்தோஷம் வரவில்லை? கண்ணனின் பெயரோடு சேர்த்துச் சொல்ல இந்த உலகத்தில் மிச்சம் இருந்த ஒரே ஆள் இவள்தான் என்பது இப்போதுதான், இவள் போகப்போகிறாள் என்றதும்தான், அவளுக்கு உறைத்தது. இன்னொரு வீட்டுக்குப் போனபின் இந்த ரைடர் இவளுக்கு நிற்குமா, நிற்காதா? அதைக் கமர்ஜஹானிடம் கேட்கத் தோன்றவில்லையே.

ரோட்டில் ஹாரன் கேட்டது. "மூணு மணி பஸ் அத்தை. இதை விட்டா நாலு மணிக்குள்ள திண்டுக்கல் போக முடியாது. நான் கை காட்டி நிறுத்தட்டுமா?"

பஸ் வலைக்கு அந்தப் பக்கம் வேகத்தைக் குறைத்தது. மூக்காயி விண்ணப்பத்தைக் கையில் எடுத்தாள். கட்டம் காலியாக இருந்தது. எழுதச் சொல்லி ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏறிவிடலாம். வருஷம் ஒன்பதாயிரம். இந்த வருஷமும் போகும், அடுத்த வருஷம் இன்னும் கூடப் போகும்.

"போகட்டும்" என்றாள்.

"அத்தை?"

"பஸ் போகட்டும்னேன். இப்படி வந்து உக்காரு." தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஐந்து வருஷத்துக்கு முன்பு ஒரு பையோடு வெளியே அனுப்பிய பெண்ணிடம், பெற்ற தாய் கேட்க வேண்டியதை மூக்காயி கேட்டாள். "மாப்பிள்ளை யாரு? என்ன வேலை பாக்குறான்? குடிகிடி இல்லையே?"

மலர்விழிக்குக் கண் நிறைந்துவிட்டது. தாடையில் ஒட்டியிருந்த தேங்காய் நார்த்தூளைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சவருதான் அத்தை. பேரைச் சொன்னா எந்திரிச்சுப் போயிர மாட்டீங்களே?"

"பஸ்ஸையே விட்டுட்டேன், இனி எங்க போகப்போறேன்? சொல்லு" என்றாள் மூக்காயி.